பிரதமர் கேட்ட நூற்றுக்கு நூறு

லண்டன் மாநகரமே மூடுபனியில் மிதந்துகொண்டிருந்த ஒரு மார்கழிக் காலை. கருத்துக்கணிப்பு நிறுவனத்துக்குள் பிரதமர் ஹார்விக் வந்து குதித்தார். தொலைபேசியில் மக்களிடம் கேள்வி கேட்கிற தர்மினி மட்டும்தான் அங்கே இருந்தாள்.

"என்னைப் பற்றிக் கேட்டால் நூற்றுக்கு நூறு பேரும் 'ஆமாம்' சொல்ல வேண்டும். நாளைக்குள் வரவில்லையென்றால் இந்த இடத்தையே இழுத்து மூடிவிடுவேன்!"

"கேள்வியை நானே எழுதிக்கொள்ளலாமா, ஐயா?"

"எதையாவது கேட்டுத் தொலை. எனக்கு எண்தான் முக்கியம்."

அன்று முழுக்கப் பனிக்குள்ளிருந்து தர்மினியின் தொலைபேசிக்குக் குரல்கள் வந்தன. ஆளுங்கட்சிக்காரர்கள், எதிர்க்கட்சிக்காரர்கள், தற்செயலாக இணைப்பில் வந்த பிரதமரின் மனைவிகூட, கனவில் பேசுகிறவர்கள் போல மெல்லச் சிரித்து "ஆமாம், ஆமாம்" என்றார்கள்.

மறுநாள் தொலைக்காட்சியில் பிரதமர் நெஞ்சை நிமிர்த்தினார். "நூற்றுக்கு நூறு! நாடே ஆமாம் என்கிறது!"

எண்ணைச் சொன்னால் கேள்வியையும் சொல்வது அந்த ஊர் வழக்கம். நிருபர் ஒருத்தி அதைக் கேட்டாள். பிரதமர் தர்மினி அனுப்பிய தாளைத் திருப்பி, கம்பீரமாக வாசித்தார்:

"பிரதமர் ரொம்பக் களைத்துவிட்டார், பாவம். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?"

வெளியே, பனிக்குள்ளிருந்து நாடே மறுபடியும் மெல்ல "ஆமாம்" என்றது.