மோசாக்கைக் கண்டுபிடித்த நாக்கு

பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் லெபோ துரையின் நாக்கு பிரசித்தம். ஒரு வாய் ஒயின் குடித்ததும் திராட்சையின் பெயரைச் சொல்லிவிடுவாராம்!

ஒருநாள் சமையல்காரர் சவரிராயன், குளிரட்டுமே என்று ஒயின் பாட்டில்களைத் தண்ணீர்த் தொட்டியில் போட, லேபிளெல்லாம் உரிந்து மிதந்தது. துரை கோபத்தில் குதித்தார்.

“பிரான்சிலேயே பலருக்குத் தெரியாத வெள்ளைத் திராட்சைடா, மோசாக்! மத்தியான விருந்துக்குள் அந்த ஒயின் எந்தப் பாட்டில் என்று கண்டுபிடி. இல்லாவிட்டால் உன் வேலை போச்சு!”

விருந்தில், எல்லார் முன்னாலும் சவரிராயன் இரண்டு கிளாஸ்களை நீட்டினார். “தொரை நாக்கு இருக்கும்போது நான் எம்மாத்திரம்? நீங்களே சொல்லிடுங்க.”

முதல் கிளாஸில் துரை கண்ணை மூடிச் சொக்கினார். “ஆகா, ஆப்பிள் தோல் வாசம்! இதுதான் மோசாக்.” இரண்டாவதில் முகம் சுளித்தார். “சீ, வெறும் காடி!”

“ரெண்டும் ஒரே பாட்டில்தான், தொரை.”

விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சவரிராயன் பணிவாகக் குனிந்தார். “லேபிள் வெயில்ல காயுதுங்க. ஒட்டிக் கொண்டாரேன், அப்புறம் குடிச்சுப் பாருங்க. கரெக்டா சொல்லிடுவீங்க.”