மூணு தடவை வழியனுப்பின ரயில்

ஜப்பான்ல ஒரு ஊர்ல ஒரு மஞ்சள் ரயில் இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணுன்னு நெனச்சுக்காத. ஒரே பாத்திரக்கடைல வாங்கின டம்ளருங்க மாதிரி, ஒண்ணுபோல ஒண்ணு, ஒரு கூட்டமே இருந்துச்சு. கரண்ட்டுல ஓடற வண்டிங்க. காலைல ஊரையே அள்ளிப் போட்டுக்கிட்டுப் போய் ஆபீஸ் வாசல்ல கொட்டும். சாயங்காலம் திரும்ப அள்ளிக்கிட்டு வந்து வீட்டு வாசல்ல கொட்டும். டடக் டடக், டடக் டடக். கதவு மூடினா பிஸ்ஸ்ஸ். அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்ச பாட்டு. எங்க, ம் கொட்டு.

"ம்."

அந்த ரயில் கம்பெனிக்கு ஒகித்சுன்னு ஒரு முதலாளி. அங்கெல்லாம் பேருக்குப் பின்னால 'சான்' போட்டாத்தான் மரியாதை, நாம 'ங்க' போடற மாதிரி. அதனால ஒகித்சு சான். அவருக்கு மஞ்சள் வண்டியைக் கண்டாலே ஆகாது. பக்கத்து லைன் முதலாளி ஒரு கல்யாணத்துல வெச்சு, உங்க வண்டிக்குக் கொள்ளுப்பேரன் பொறந்தாச்சான்னு கேட்டுட்டாராம். அன்னைலேர்ந்து ஒகித்சு சானுக்குச் சோறு இறங்கல. சரி, இவர் என்னைக்காவது அந்த வண்டில ஏறியிருக்காரான்னு கேளு. இல்ல. அவருக்குக் கார் இருக்கு, காருக்கு டிரைவர் இருக்கான். அப்புறம் ரயிலைப் பத்தி அவருக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?

அங்க ஒரு வழக்கம் உண்டு. வயசான ரயிலைச் சும்மா ஓரங்கட்ட மாட்டாங்க. கடைசி ஓட்டம்னு ஊருக்கெல்லாம் சொல்லி, வண்டி மூஞ்சில 'இத்தனை நாள் உழைச்சதுக்கு நன்றி'ன்னு பலகை மாட்டி விழா எடுப்பாங்க. அன்னைக்குப் பாக்கணும் கூத்தை. கேமராவும் ஏணியுமா ஒரு பட்டாளம் வந்து இடத்துக்கு அடிச்சுக்கும். நேத்து வரைக்கும் இந்த வண்டில வேர்வை நாத்தம்னு மூக்கைப் பொத்தினவன் இன்னைக்குக் கைக்குட்டை நனைய நனைய அழுவான்.

மஞ்சள் வண்டிக்கும் அப்படி ஒரு விழா எடுத்து, மேடைல ஏறி ஒகித்சு சான் சபதம் போட்டாரு. "இந்தப் பழைய வண்டி என் தண்டவாளத்துல இன்னொரு தடவை ஓடினா, நான் முதலாளி பதவியை விட்டே போயிடறேன்." கேட்டவங்க எல்லாம் இடுப்பு வரைக்கும் குனிஞ்சு வணக்கம் போட்டாங்க. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருக்கல.

அப்புறம் புது வண்டி வந்துச்சு. வெள்ளி மாதிரி பளபளா. அதுக்குப் பேசவும் தெரியும். கதவு மூடறதுக்கு முன்னால அது மன்னிப்புக் கேக்கும். கதவு மூடப்போறதுக்கு மன்னிக்கணும், உங்க பை இடிபட்டா அதுக்கும் மன்னிக்கணும், மன்னிப்புக் கேட்டு நேரத்தை வீணாக்கினதுக்கும் மன்னிக்கணும். ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் இதே பாட்டு. காலைல ஏறினவன் ஆபீஸ் போய்ச் சேர்ந்தப்போ மத்தவங்க எல்லாம் சாப்பிட்டுக் கை கழுவிக்கிட்டு இருந்தாங்க.

"ம்."

இப்போ என்ன பண்றது? பழைய வண்டியை விட்டா பதவி போச்சு. விடலேன்னா ஊரே தெருவுல நிக்குது. அப்போ ஒகித்சு சான் ரிப்பேர் ஷெட்டுக்கு ஓடினாரு. அந்த ஷெட்டுக்குத் தலைவி மாசுயே சான். சந்தைல மீன் வித்து மேல வந்தவ. கோவம் மூக்கு நுனில நிக்கும். பேரம் பேசாம பச்சைத் தண்ணி குடிக்க மாட்டா.

மஞ்சள் வண்டிக்கு ராவோட ராவா பச்சை பெயிண்ட் அடிச்சுக் குடு, புது வண்டின்னு சொல்லிடறேன்னாரு. அடிக்கறேன், ஆனா கூரைல ஏசி வைக்கணும், வெயில் காலத்துல ஜனங்க உள்ள இட்லியா வேகுதுன்னா அவ. அவரு காத்தாடி போதாதான்னாரு.

"போதும் ஷாச்சோ. வண்டியும் மஞ்சளாவே இருக்கட்டும்."

ஷாச்சோன்னா முதலாளி. அந்த முதலாளி அப்பவே ஏசிக்குத் தலையாட்டிட்டாரு.

விடிஞ்சதும் பாண்டு வாத்தியம், ரிப்பன், கத்திரி, கிளிக் கிளிக். போன மாசம் அழுதவனே ஏணில ஏறி நின்னு, ஆகா புத்தம் புது வண்டின்னு படம் புடிச்சான். டடக் டடக், டடக் டடக்.

சும்மா இருந்தாரா மனுஷன்? இல்ல. பச்சை வண்டிக்கும் விழா எடுத்து, அதே சபதத்தைத் திரும்பப் போட்டு, ரெண்டாவதா ஒரு வண்டி கொண்டாந்தாரு. உள்ள பூரா மெத்தை. உக்காந்தா இடுப்பு வரைக்கும் அமுங்கும். வேலைல நசுங்கின ஜனமாச்சே, உக்காந்த ஒடனே கொர்ர்ர். இறங்க வேண்டிய எடத்துல ஒருத்தரும் இறங்கல. கடைசி ஸ்டேஷன்ல வண்டி நெறைய கொறட்டை. எழுப்பப் போன கார்டும் உக்காந்தாரு, கொர்ர்ர். டேய், நீ இன்னும் தூங்கக் கூடாது.

"ம்ம்."

மறுபடி ஷெட்டு. இந்தத் தடவை ஆரஞ்சு பெயிண்ட். குள்ளமா இருக்கற பொம்பளைங்களுக்கு எட்டற மாதிரி கைப்பிடியைத் தாழ்த்திக் குடுன்னு மாசுயே சான் கேட்டா. கால்வாசிக்குத் தாழ்த்தறேன்னாரு இவரு. அவ பிரஷ்ஷைக் கீழ வெச்சா. மொத்தத்துக்கும் தாழ்த்திக் குடுத்தாரு.

மூணாவது தடவை ஆரஞ்சு வண்டிக்கு விழா நடந்தப்போ விஷயம் முத்திப்போச்சு. இனிமே பேச்சே இருக்கக் கூடாதுன்னு, வண்டியை அறுத்துப் போட கேஸ் கட்டரோட ஆளுங்களையே கூட்டிட்டு வந்து ஷெட்டுல நிறுத்திட்டாரு. புதுசா வந்த வண்டிக்கு டிரைவரே வேண்டாம், அதுவே பாத்து ஓட்டிக்கும். நல்லாத்தான் பாத்துச்சு. காக்கா பறந்தா க்ரீச்சுனு நிக்கும். இலை விழுந்தா நிக்கும். மேகத்தோட நிழல் தண்டவாளத்துல விழுந்தாலும், நிழல் நகர்ற வரைக்கும் மரியாதையா நிக்கும்.

ஒகித்சு சான் மூச்சு வாங்க ஷெட்டுக்கு வந்தாரு. அறுக்கறவன் பத்த வெச்சுட்டான், சுர்ர்ர்னு நெருப்பு. மாசுயே சான் குறுக்க நின்னு அவனை நிறுத்தி வெச்சிருந்தா. நீல பெயிண்ட் அடின்னு இவரு கேட்டாரு.

"இனிமே பெயிண்ட் கிடையாது ஷாச்சோ. சுரண்டினா வெங்காயம் மாதிரி தோல் தோலா வருது. வண்டி ஓடணும்னா, இது எந்த வண்டின்னு மேடைல நின்னு உங்க வாயால சொல்லணும்."

"என் பதவி போயிடுமே."

"இல்லேன்னா வண்டி போயிடும். ஊரே பிளாட்பாரத்துல நிக்குது."

அந்த நேரத்துலயும் அவர் பேரம் பேசினாரு. பழைய வண்டிக்குச் சொந்தக்கார வண்டின்னு சொல்லட்டுமா? வேண்டாம். தம்பி முறைன்னு சொல்லட்டுமா? வேண்டாம். மாசுயே சான் அறுக்கறவனைத் திரும்பிப் பாத்தா. சுர்ர்ர்.

அப்போ அவரு போய் மேடைல ஏறினாரு. "இது அந்த மஞ்சள் வண்டிதான். பச்சையும் இதுதான். ஆரஞ்சும் இதுதான்."

கூட்டத்துல குடை வெச்சிருந்த ஒரு அம்மா தணிஞ்ச குரல்ல சொன்னாங்க. "தெரியுங்க. கொஞ்சம் ஒதுங்கி நின்னீங்கன்னா நாங்க ஏறிக்குவோம்."

தெரிஞ்சா ஏன் ஒருத்தரும் சொல்லலேன்னு அவரு கேட்டாரு.

"உங்க முகம் வாடிப்போயிடுமேன்னுதான்."

கேட்டியா அந்த மரியாதையை? ஒரு மனுஷன் முகம் வாடக் கூடாதுன்னு ஊரே மூணு தடவை அழுது, மூணு தடவை லேட்டாப் போய் மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிச்சு. வாயைத் தொறந்து கேட்டவ மீன் வித்தவ ஒருத்திதான்.

சொன்ன சொல்லுக்காக ஒகித்சு சான் பதவியை விட்டாரு. பதவியோட காரும் போச்சு, டிரைவரும் போனான். அப்புறம் ஒருநாள் காலைல அவரும் பிளாட்பாரத்துக்கு வந்தாரு. அங்க ஜனங்களை வண்டிக்குள்ள தள்ளி அடைக்கறதுக்குன்னே சம்பளத்துக்கு ஆள் உண்டு. வெள்ளைக் கையுறை போட்ட ஒருத்தன் அவர் முதுகுல கை வெச்சு ஒரே அமுக்கு. பிஸ்ஸ்ஸ். கதவு மூடிக்கிச்சு. கன்னம் கண்ணாடில, மூக்கு யாரோட அக்குள்லயோ.

அவருக்கு வந்துச்சு பாரு கோவம். "இந்த ஓட்டை வண்டியை இன்னும் வெச்சு ஓட்டறானே, யாருய்யா இந்தக் கம்பெனிக்கு முதலாளி?"

பெட்டி மொத்தமும் கேட்டுச்சு. ஒருத்தர் சிரிக்கல, ஒருத்தர் திரும்பல. அவர் முகம் வாடக் கூடாதேன்னு, நின்னவங்க நின்னபடி, உக்காந்தவங்க உக்காந்தபடி, எல்லாரும் தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கிட்டாங்க.

டடக் டடக், டடக் டடக்.

கதை அவ்வளவுதான். நீயும் மூடிக்கோ.