சர்வர் மாறிய வரன்கள்

எங்கள் 'பச்சைக்கிளி திருமணத் தகவல் மைய'த்தின் கம்ப்யூட்டர் பிரிவில் ஆள் மூன்று பேர், மூளை ஒன்று. அது யாரிடம் இருக்கிறது என்று இன்றுவரை தெரியவில்லை. இசக்கியப்பன், செண்பகராஜ், அப்புறம் சங்கரவேலு. சங்கரவேலு நான்தான்.

பழைய சர்வர் இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டு கிடந்தது. முதலாளி வடிவம்மை அக்கா காலையிலேயே கூப்பிட்டார்.

"டேட்டாபேஸ்ல இருக்குற நானூத்திப் பன்னெண்டு வரனையும் புது சர்வருக்கு மாத்திருங்கப்பா. பதினோரு மணிக்கு அம்பாசமுத்திரத்துப் பொண்ணு வீட்டுக்காரங்க நம்ம வெப்சைட்ல வரன் பாப்பாவ. ஏல சங்கரவேலு, உன்னையத்தாம்ல பாக்காவ. சொதப்பிராத!"

எனக்கு முப்பத்தொன்பது வயது. இதையும் விட்டால் கல்யாணச் சாப்பாடு என்பது எனக்கு அடுத்தவன் பந்தியில்தான்.

பொத்தானை அழுத்தினோம். எல்லாம் போய்ச் சேர்ந்ததாகத் திரை சொன்னது. நாங்கள் ஏமாறுகிறவர்களா? பழைய சர்வரைத் திறந்து பார்த்தோம். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் அங்கேயேதான் இருந்தார்கள்.

"வீடு மாறிப் போனா பழைய வீட்டுல ஆள் இருக்குமாடே?" என்றான் இசக்கியப்பன்.

"போக மனசில்லையோ என்னவோ. பழகின இடம்லா," என்றேன்.

மறுபடி அனுப்பினோம். ஒருத்தரும் அசையவில்லை. இசக்கியப்பன் புது சர்வருக்கு முன்னால் பால் காய்ச்சி, உப்பும் மஞ்சளும் வைத்தான். அனுப்பினோம். ம்ஹூம். செண்பகராஜ் பழைய சர்வரின் ஃபேனை நிறுத்தினான், புழுக்கம் தாங்காமலாவது கிளம்பட்டும் என்று. ஆறாவது தடவை அனுப்பி முடித்ததும் பழைய சர்வர் புகைந்து அணைந்தது.

"கிளம்பிட்டாவ!" என்று மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

பதினொன்றரைக்குப் பெண்ணின் அப்பா போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"சங்கரவேலுன்னு ஆறு பையன் இருக்காவ. எல்லாம் ஒரே ஜாடை. பொண்ணுக்கு நாலாவது பையனைத்தான் புடிச்சிருக்கு. அவர் முகத்துலதான் ஒரு களை இருக்கு."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் செண்பகராஜ் முகம் வாடிவிட்டது.

"மத்த அஞ்சு பேருக்கும் யாருடே சொல்றது?"

வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கடிதம் போடுவது எங்கள் மையத்தின் வழக்கம். பாவம், மனசு நோகக்கூடாது என்று நானே உட்கார்ந்து, பதமாக ஐந்து கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன்.

மூன்றாம் நாள் ஐந்தும் என் வீட்டுக்கு வந்தன. முதல் கடிதத்திலேயே கண் கலங்கிவிட்டது. ஐந்தாவதைப் படித்து முடிக்கும்போது எனக்கு வாழ்க்கையே வெறுத்துப்போயிற்று.

நேற்று அம்பாசமுத்திரத்துப் பெண் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தது. ஐந்து தடவை என்னை வேண்டாம் என்றவர்கள் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? வர இயலாது என்று பதில் எழுதிவிட்டேன். மாப்பிள்ளை, அந்த நாலாவது சங்கரவேலு மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருக்கு மட்டும் ஒரு சுவர்க்கடிகாரம் அனுப்பியிருக்கிறேன்.