தொண்டை போன சாவி

ஒரு ஊர்ல, மூணு மாடி அபார்ட்மெண்ட் ஒண்ணுல, ஒரு வெள்ளைக் காரும் அதோட ரிமோட் சாவியும் வாழ்ந்து வந்தாங்க. கார் கீழ பார்க்கிங்ல, தூணுக்குப் பக்கத்துல. சாவி மாடியில, ஃபிரிட்ஜ் மேல இருக்கற பித்தளைக் கிண்ணத்துல. திருவேங்கடம் செகண்ட் ஹேண்ட்ல வாங்கின வண்டி. அதோட கூட வந்தது இந்த ஒத்தச் சாவிதான்.

சாவிக்கு உலகத்துல தெரிஞ்ச வேலை ஒண்ணே ஒண்ணு. கூப்பிடறது. திருவேங்கடம் பட்டனை அழுத்தினா "அண்ணே!"ன்னு ஒரு குரல் விடும். மனுஷங்க காதுல விழாத குரல். கார் உடனே நாலு பக்கமும் லைட்டைச் சிமிட்டி, "சொல்லு தம்பி"ன்னு கதவைத் திறந்துடும். அந்த ஒரு வார்த்தையைக் கேக்கறதுக்காகத்தான் சாவி உசுரையே வச்சிருந்துச்சு.

ஒரு நாள் திருவேங்கடத்தோட சம்சாரம் மங்கையர்க்கரசி திருவிழாக் கடையில இருந்து ஒரு சீரியல் லைட்டு வாங்கிட்டு வந்தாங்க. காருக்குள்ள முன்னாடி உக்காந்திருக்கற குட்டிப் பிள்ளையாரைச் சுத்தி அதை ஒட்டி, வயரை சார்ஜர் போடற ஓட்டையில சொருகினாங்க. சிவப்பு, பச்சை, ஊதான்னு குதிச்சுது லைட்டு. அந்த வண்டியை ஆஃப் பண்ணினாலும் அந்த ஓட்டையில கரண்டு நிக்காது.

"நல்லதாப் போச்சு. ராப்பகலா எரியட்டும். வண்டிக்குக் காவலா இருக்கும்"னாங்க மங்கை.

மறுநாள் காலையில திருவேங்கடம் ஆபீஸ் பையோட கீழ வந்து பட்டனை அழுத்தினாரு.

"அண்ணே!"

கார் சிமிட்டல.

சாவிக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. தூக்கமா இருக்கும்னு நெனச்சு, இன்னும் கொஞ்சம் குரலை ஏத்தி, "அண்ணே! நான்தான்!"னுச்சு.

கார் கல்லு மாதிரி நின்னுச்சு.

திருவேங்கடம் என்ன செஞ்சாரு? நம்ம வீட்டுல டிவி ரிமோட்டுக்கு என்ன வைத்தியமோ அதையே செஞ்சாரு. உள்ளங்கையில ரெண்டு தட்டு தட்டினாரு. ஊதினாரு. மூடியைக் கழட்டி பேட்டரியை வெளிய எடுத்து, சட்டையில தேச்சு, திருப்பிப் போட்டாரு. மறுபடி அழுத்தினாரு. சாவியோட நெத்தியில இருக்கற பொட்டு லைட்டு சிவப்பா மின்னுச்சு.

"பாரு, லைட்டு எரியுது. ஆனா வேலை செய்யல. நடிக்குது!"ன்னாரு.

சாவி அன்னிக்கு முதல் தடவையா அவமானப்பட்டுச்சு.

அந்த ரிமோட்டுக்குள்ள ஒரு இரும்புச் சாவி மடங்கிப் படுத்திருக்கும். அதை இழுத்து, கதவு ஓட்டையில விட்டுத் திருகித் திறந்துக்கிட்டு ஆபீஸ் போனாரு. சாயங்காலம் வந்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னாங்க. எதிர் வீட்டுக்காரர் வெயில்ல வைக்கச் சொன்னாரு. வச்சாங்க. மங்கை அரிசி டப்பாவுல புதைக்கச் சொன்னாங்க. புதைச்சாங்க. பொன்னி அரிசிக்குள்ள தலைகீழாக் கிடந்த சாவி, நான் என்ன தப்பு பண்ணினேன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அரிசி என்னத்தைச் சொல்லும்?

அப்புறம் புது பேட்டரி வந்துச்சு. பளபளன்னு, புது மாப்பிள்ளை மாதிரி உள்ள நுழைஞ்சு, சாவியைச் சுத்தி ஒரு பார்வை பாத்துச்சு.

"என்னப்பா, சீக்காளின்னு சொன்னாங்க? நீ நல்லாத்தானே இருக்க!"

"அதை அவர்கிட்ட சொல்லேன், உனக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் தெம்பு குடுக்கலாம் தம்பி. சாட்சி சொல்ல எனக்கு வாய் கிடையாது."

புதுத் தெம்போட சாவி கத்தின கத்துல அதுக்கே தலை சுத்துச்சு. கார் அசையல. எரிச்சல்ல திருவேங்கடம் சாவியைக் கார் கண்ணாடி மேல வச்சு நசுக்கி அழுத்தினாரு. அப்பதான், அவ்வளவு கிட்டப் போனப்பதான், சாவிக்கு விஷயம் புரிஞ்சுது.

உள்ள ஒரே இரைச்சல். சீரியல் லைட்டு மூச்சு விடாம பேசிக்கிட்டிருந்துச்சு. "நான் சிவப்பு பாத்தீங்களா நான் பச்சை பாத்தீங்களா நான்தான் காவல் நான் இல்லன்னா இந்த வண்டி என்ன ஆகறது நான் ஊதா பாத்தீங்களா..." பாவம், காரோட காது அந்த லைட்டுக்கு நேர் கீழ.

"அண்ணே! நான்தாண்ணே!"

"எவனோ கூப்பிடற மாதிரி இருக்கே... இந்தம்மா பேச்சுல ஒண்ணுமே விழ மாட்டேங்குது"ன்னு முனகுச்சு கார்.

சாவி லைட்டுகிட்ட கெஞ்சுச்சு. "அக்கா, ஒரே ஒரு நிமிஷம் சும்மா இருங்களேன். நான் கூப்பிடறது அவருக்குக் கேக்கல."

லைட்டு அப்படியே ஆடிப் போச்சு. "நானா? நான் எங்கப்பா பேசறேன்? நான் வெளிச்சம் குடுக்கறேன். வெளிச்சத்துக்குச் சத்தம் உண்டா? உன் தொண்டை போனதுக்கு என்னைச் சொல்றியே, அதுவும் சாமி பக்கத்துல இருக்கறவளை!"

பிள்ளையார் பாட்டுக்கு நேரா ரோட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.

"ஏங்க, ஒண்ணு கவனிச்சீங்களா?"ன்னாங்க மங்கை. சாவிக்கு உசுரு வந்துச்சு. கண்டுபிடிச்சுட்டாங்க! "லைட்டு வச்ச மறுநாளே சாவி போச்சு."

"ஆமாம்ல!"

"வண்டிக்கு வர வேண்டிய கண்டம், சாவியோட போச்சு. எல்லாம் இந்த லைட்டு வச்ச நேரம்."

திருவேங்கடம் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. லைட்டு இன்னும் வேகமா குதிச்சுது.

அதுக்கப்புறம் சாவிக்கு மனசு விட்டுப் போச்சு. தினமும் அழுத்துவாங்க, தினமும் கத்தும். பட்டன் மேல இருந்த பூட்டுப் படம் தேஞ்சே போச்சு. குற்றம் சொல்ற திருவேங்கடம் ஒரு பக்கம், பதில் சொல்லாத அண்ணன் ஒரு பக்கம், ரெண்டுக்கும் நடுவுல எத்தனை நாள்தான் தன்னையே நம்பறது? ஒருவேளை எனக்கு நிஜமாவே தொண்டை போச்சோன்னு அதுவே யோசிக்க ஆரம்பிச்சுது. ஆனாலும் ஒரு நப்பாசை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அண்ணன் காதுல விழுந்துட்டாப் போதும். எல்லாம் சரியாயிடும்.

கடைசியில சாவிக்கடை டேவிட்ராஜை வரச் சொன்னாங்க. அவர் பையில இருந்து ஒரு புதுச் சாவியை எடுத்தாரு. கறுப்பு, வழவழப்பு, பட்டன்ல பூட்டுப் படம் அப்படியே இருக்கு.

"சார், என் மிஷினுக்குக் கரண்டு வேணும். இந்த லைட்டைக் கழட்டிக்கறேன்."

"கழட்டுங்க. வேலை முடிஞ்சதும் மறக்காம சொருகிடுங்க. பிள்ளையாரு இருட்டுல இருக்கக் கூடாது."

வயரை உருவினாரு. பேச்சு பாதியில நின்னுச்சு. "நான் பச்சை பா..." அவ்வளவுதான். காருக்குள்ள எத்தனையோ நாளைக்கு அப்புறம் ஒரு அமைதி. சாவி திருவேங்கடத்தோட கையில துடிச்சுது. 'இப்ப அழுத்துங்க! ஐயோ, இப்ப அழுத்துங்களேன்!'

அவரு போன்ல கிரிக்கெட் ஸ்கோர் பாத்துக்கிட்டிருந்தாரு.

டேவிட்ராஜ் ஸ்டியரிங்குக்கு அடியில மிஷினை மாட்டினாரு. "சார், இந்த வண்டியோட மெமரியில புதுச் சாவி பேரை எழுதணும்னா, முதல்ல பழைய பேரை அழிச்சுட்டுத்தான் எழுத முடியும். வேணும்னா பழசையும் கூடவே மறுபடி சேத்துடலாம். ரெண்டு நிமிஷ வேலைதான். சேக்கவா?"

"செத்துப் போனதைச் சேத்து என்னப்பா பண்றது? அழிச்சுடுங்க."

மிஷின் 'டொய்ங்'னுச்சு. அதுக்கு அழிக்கறதுக்கும் எழுதறதுக்கும் ஒரே சத்தம்தான்.

புதுச் சாவி மெதுவா, கூச்சப்பட்டுக்கிட்டே கூப்பிட்டுச்சு. "அண்ணே..."

கார் நாலு பக்கமும் சிமிட்டி, "சொல்லு தம்பி!"ன்னு கதவைத் திறந்துச்சு.

"பாத்தியா மங்கை? நான் அன்னிக்கே சொன்னேன், சாவிதான் போச்சுன்னு."

"எதுக்கும் பழசையும் ஒரு தடவை அழுத்திப் பாத்துடுங்க. தூக்கிப் போடறதுக்கு முன்னாடி."

திருவேங்கடம் அலட்சியமா, கட்டை விரலால ஒரு அழுத்து அழுத்தினாரு.

சாவி இத்தனை நாளும் கத்தாத கத்து கத்துச்சு. "அண்ணே! நான்தாண்ணே!" குறுக்க ஒரு இரைச்சலும் இல்ல. குரல் நேராப் போய் அண்ணன் காதுல விழுந்துச்சு.

கார் சாவி இருந்த பக்கமா காதைக் குடுத்துக் கேட்டுச்சு.

"குரல் கணீர்னு இருக்கேப்பா. யாரு நீ?"