காட்டுக்குள் ஒரு பட்டுத் தோரணம்

முன்னொரு காலத்தில், எங்கும் தானே முன்னால் போக வேண்டும் என்ற பித்துப் பிடித்த மன்னர் ஒருவர் இருந்தார். அவருக்கு முன்னால் எவன் காலடி வைத்தாலும் தலை போகும். வேட்டையிலும் இதே சட்டம்தான். காட்டை அறிந்த வேடர்கள் கடைசியில் வருவார்கள். காட்டை அறியாத மன்னர் முதலில் போவார்.

அப்படிப் போன ஒருநாள், தளபதி மழவராயரின் பட்டு மேலாடை முட்புதரில் சிக்கிக் கிழிந்து தொங்கியது. சற்று நேரத்தில் அதே புதர் மறுபடி எதிரே வந்தது.

"ஆகா! காட்டு மக்களும் மன்னரை வரவேற்கப் பட்டுத் தோரணம் கட்டியிருக்கிறார்கள்!" என்றார் மழவராயர்.

மூன்றாம் முறையும் தோரணம் வந்தது. அரசவை விகடன் சடையனுக்குப் பொறுக்கவில்லை.

"தளபதியாரே, தோரணத்தில் உங்கள் வெற்றிலைக் கறை இருக்கிறதே! பெருமானே, நாம் வழி தவறிவிட்டோம்."

மழவராயர் நெடுநாள் காத்திருந்த வாய்ப்பு இது.

"அரசே, தாங்கள் போவதே வழி! இவன் சொல்வது ராஜ நிந்தனை. அவ்வளவு தெரிந்தவன் நம்மை அரண்மனை சேர்க்கட்டும். ஆனால் தங்களுக்கு முன்னால் இவன் காலும் போகக் கூடாது, கையும் நீளக் கூடாது."

"அப்படியே ஆகட்டும். இருட்டுவதற்குள் சேர்க்காவிட்டால் உன் தலை உன்னுடையதல்ல, சடையா!" என்றார் மன்னர்.

"இப்போது மட்டும் என்னுடையதா? தினமும் அதைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள்!" என்ற சடையன், மன்னரின் குதிரைக்குப் பின்னால் போய் வாலைப் பிடித்துக்கொண்டான். "ஒரே விண்ணப்பம். கடிவாளம் பிடிப்பது சாதாரண வீரன் வேலை. காட்டையே வென்றவர் இரு கையாலும் மீசையை முறுக்கிக்கொண்டல்லவா போக வேண்டும்?"

மன்னருக்கு அது பிடித்துப்போயிற்று. கடிவாளத்தை விட்டார், மீசையைப் பிடித்தார். லாயத்தில் கொள்ளு வைக்கும் நேரம் அது. குதிரை காதை விறைத்தது, நின்ற இடத்திலேயே திரும்பியது, நடையைக் கட்டியது. வாலோடு சடையனும் சுற்றிக்கொண்டு போனான்.

பொழுது சாயும்போது கோட்டை வாசல் தெரிந்தது.

"இவன் எங்கே வழிகாட்டினான்? குதிரையல்லவா மன்னருக்கு முன்னால் தலையை நீட்டிக்கொண்டு போயிற்று!" என்று கத்தினார் மழவராயர்.

"அப்படியானால் சட்டப்படி அதன் தலையையும் வாங்குங்கள்," என்றான் சடையன். "பெருமானே, இன்று முழுக்கத் தங்களுக்கு 'ஆகா' போடாத வாய்கள் இரண்டுதான். ஒன்று இதனுடையது, மற்றது என்னுடையது. இரண்டையும் வெட்டிவிட்டு, அடுத்த வேட்டையில் தோரணத்தையே சுற்றிக்கொண்டிருங்கள்."

மீசையிலிருந்து மன்னரின் கை நழுவியது. ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றிச் சடையன் கழுத்தில் போட்டார்.

"இனி வேட்டையில் வேடர்கள் முன்னால் போகட்டும். மழவராயரே, நீர் போய் அந்தத் தோரணத்தை அவிழ்த்துக்கொண்டு வாரும்."

"எந்த வழியாகப் போவது, அரசே?" என்று விழித்தார் தளபதி.

"ஆகா! நீர் போவதே வழி!" என்றார் மன்னர்.