கால், வாய் மூடுக!

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டை வாரணவேலன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் எழுந்ததும் நாலு பேர் புகழ்ந்தால்தான் அவனுக்குப் பல் துலக்கவே கை வரும். அதுவும் புரியாத தமிழில் புகழ்ந்தால் கூடுதல் குஷி. "என்னமோ பெரிசாகச் சொல்கிறான்" என்று கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டுவிடுவான்.

அப்படி வாங்கிய மாலைகளின் கனத்தில் கொஞ்சம் குனிந்தே நடப்பவர் தேனமுதர். அரசாணைகளை எழுதும் ஓலைநாயகம். மந்திரி வேம்பனாரைக் கண்டால் அவருக்கு ஆகாது. வேம்பனாரோ பெயருக்கேற்ற ஆள்; பேச்சு கசக்கும், உடம்புக்கு நல்லது.

அந்த வருஷம் ராசவாய்க்காலின் கரை உடைந்தது. கரை கட்ட வேண்டுமானால் மடையை அடைக்க வேண்டும். அதைக் குடிகளுக்குச் சொல்லவும் வேண்டும். "வாய்க்காலில் வேலை நடக்கிறது, ஆடி கடைசிவரை தண்ணீர் வராது..." என்று வேம்பனார் சொல்லச் சொல்ல, தேனமுதர் காதைப் பொத்திக்கொண்டார்.

"மன்னர்மன்னா! இது அரசாணையா, சந்தையில் கத்தரிக்காய் கூவுவதா? இப்படி இருக்க வேண்டாமா?

காவலன் ஆணை! கால்வாய் மூடுக!
கருமம் முடியுமட்டும் திறவற்க!
திறக்குமட்டும் கருமம் ஒழியற்க!
மீறுவோர் சிறை புகுக!"

"ஆகா!" ராசா தொடையைத் தட்டினான். "மோனை எப்படி விழுகிறது பார்த்தீரா, அமைச்சரே!"

"விழுகிறது மன்னா. யார் தலையில் என்றுதான் தெரியவில்லை."

ராசாவின் முகம் சிவந்துவிட்டது. "பொறாமை! இது ஒரே ஒருவனுக்காவது புரியவில்லை என்று இந்தச் சபையில் காட்டும். ஆடி முடிவதற்குள் காட்டாவிட்டால் உமது முத்திரை மோதிரம் தேனமுதர் விரலுக்குப் போகும்."

தேனமுதர் அப்போதே விரலை நீவிவிட்டுக்கொண்டார்.

ஆடி முடியப்போகிற நேரத்தில் வேம்பனார் வயல்பக்கம் போனார். நாற்றங்கால் எல்லாம் பழுத்துக் கிடந்தது. வரப்பில் பூவாயி என்கிற குடியானவள், வாயைத் துணியால் கட்டி, இரண்டு காலையும் சாக்கால் சுற்றி, தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா, பல்வலியா?"

இல்லை என்று தலையாட்டினாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் துணியை ஒரு விரல் அகலம் இறக்கினாள். "மெல்லப் பேசுங்க சாமி. காலையும் வாயையும் மூடணுமாம், ராசா உத்தரவு. தண்டோராக்காரன் 'கால்'னு ஒரு தட்டு, 'வாய்'னு ஒரு தட்டு, 'மூடுக'ன்னு ரெண்டு தட்டு தட்டிட்டுப் போனான்."

"அடடா, அது வாய்க்காலம்மா!"

"வாய்க்காலை வாய்க்கால்னு சொல்ல மாட்டாங்களா? எங்க ஊர்ல வாய் முன்னாடி, கால் பின்னாடி. அரமனையில எல்லாம் தலைகீழ் போல. நாத்து முத்திப்போச்சு சாமி. இந்த வாரம் தண்ணி வரலேன்னா மாட்டுக்கு அறுத்துப் போட வேண்டியதுதான். எப்ப வரும்னு கேக்கலாம்னா, வாயையே மூடச் சொல்லிட்டாங்களே!"

வேம்பனாருக்குச் சிரிப்பு வந்தது. பழுத்த நாற்றைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

மடைக்குப் போனார். கரை கல் மாதிரி எழும்பி நின்றது. அதன் மேல் ஆட்கள் மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கரைதான் கட்டி முடிஞ்சிருக்கே, ஏன் வெட்டுறீங்க?"

"முடிஞ்சு ரொம்ப நாளாச்சு ஐயா," என்றார் கொத்தனார். "மடை திறக்கிறவரைக்கும் வேலையை நிறுத்தக்கூடாதாமே. அதான் காலையில வெட்டுறோம், சாயங்காலம் கட்டுறோம்."

"அவரு வேலையை முடிக்கட்டும், நான் மடையைத் திறக்கிறேன்," என்றான் மடைக்காரன்.

"நீ திற, நான் முடிக்கிறேன்."

"ஏன், சிறைக்கு நான் போகணுமா?"

"பின்னே, நான் போகணுமா?"

ராசாவின் முத்திரை விழுந்த ஆணை. மந்திரி சொல்லி மாற்ற முடியாது. வேம்பனார் மோதிரத்தைத் திருகியபடியே திரும்பினார்.

மறுநாள் சபையில் ராசா அண்ணாந்து சிரித்தான். மந்திரி வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, தத்தித் தத்தி வந்தார். பின்னால் தண்டோராக்காரன்.

"அமைச்சரே, இது என்ன வேடம்?"

வேம்பனார் கையைக் காட்டினார். தண்டோராக்காரன் ஊரில் அறைந்தபடியே அறைந்தான். "கால்!" டம். "வாய்!" டம். "மூடுக!" டம் டம். "மீறுவோர் சிறை புகுக!"

சிறை என்றதும் சபையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படைத்தலைவர் முதலில் மேலாடையை இழுத்து வாயை மூடினார். யார் கண்டது? அடுத்து புரோகிதர். பிறகு பாடகர்கள் வரிசையாக.

ராசா இருமினான். வழக்கமாக அவன் இருமினால் "இருமலா, இடிமுழக்கமா!" என்று யாராவது உருகுவார்கள். இன்று ஈ பறந்தால் கேட்கும்.

"யாராவது ஏதாவது சொல்லுங்களப்பா!"

எல்லாரும் வாயைத் தொட்டுக் காட்டினார்கள்.

"இது எதுவரை?"

"கருமம் முடியுமட்டும் திறவற்க," என்றான் தண்டோராக்காரன்.

"கருமம் எப்போது முடியும்?"

"திறக்குமட்டும் கருமம் ஒழியற்க."

ராசா விரலை மடக்கினான், நீட்டினான், மறுபடி மடக்கினான். "அப்படியானால்... சாகும்வரை எனக்கு ஒரு வாழ்த்துக்கூடக் கிடையாதா?"

தேனமுதரால் தாங்க முடியவில்லை. "ஐயோ மன்னா! கால்வாய் என்பது ஒரே சொல்! வாய்க்காலைத்தான் 'காவல'னுக்கு மோனையாகத் திருப்பிப் போட்டேன். இதுகூடவா ஒருவருக்கும் புரியவில்லை?"

வேம்பனார் துண்டை அவிழ்த்தார். "ஒரே ஒருவரைக் காட்டச் சொன்னீர்கள் மன்னா. ஓலைநாயகமே மொத்தச் சபையையும் காட்டிவிட்டார். எழுதியவர் எழுந்து உரை சொன்ன பிறகு இங்கே புரிந்தது. பூவாயி வயலுக்கு யார் போய் உரை சொல்வது? அங்கே நாற்று முற்றுகிறது. கட்டிய கரையை வெட்டி வெட்டிக் கட்டுகிறார்கள்."

ராசா தாடியைத் தடவினான். "எனக்கும் புரியவில்லைதான்," என்றான் மெதுவாக. "புரியாததால்தான் பிடித்திருந்தது." பிறகு முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான்.

"மாலை இருக்கட்டும் மன்னா. முதலில் மடை."

"மடை இப்போதே! உரை சொல்ல யார் போவது என்று கேட்டீரே, எழுதியவரே போகட்டும். இனி எந்த ஆணையானாலும் அவரே கொண்டுபோய் அறைய வேண்டும்."

மாலைகள் இறங்கின. தேனமுதர் கழுத்தில் பறை ஏறியது.

அன்று மாலை அவர் வாய்க்கால் கரையில் நின்று நெஞ்சு நிறைய மூச்சு வாங்கினார். "பொங்குபுனல்..." என்று தொடங்கியவர் கீழே நின்ற முகங்களைப் பார்த்தார். மீதிப் பாட்டை விழுங்கினார். "தண்ணி வருது!"

பூவாயி துணியை இறக்கினாள். "சாமி, வாயைத் திறக்கலாமா?"

"திறக்கலாம் தாயி."

"காலு?"

மடை வழியே நுரைத்து வந்த தண்ணீர் வரப்பு முனையைத் தொட்டது. தேனமுதர் அதைப் பார்த்தார்.

"நனைக்கலாம்."

ஓலைநாயகம் சொன்னது ஊருக்கு உடனே புரிந்தது அன்றுதான் முதல்முறை. நாற்று நடப்பட்டது. அன்று திறந்த வாயை நெடுங்கரைக்காரர்கள் இன்றுவரை மூடவில்லையாம். ராசாக்கள்தான் காதைப் பழக்கிக்கொண்டார்களாம்.