இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் ஒரு இஃப்

திண்டுக்கல்லில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் நிறுவனம். அதன் இயக்குநர் பொன்னுரங்கம் சாருக்குக் கனவுகூட ஆங்கிலத்தில்தான் வருமாம், அவரே சொல்லிக்கொண்டது. கட்டடத்துக்குள் யாரும் தமிழ் பேசக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

ஒரு நாள் காலை, லிப்ட் இயக்கும் செங்கமலம் அவரிடமே, "எத்தனாவது மாடி சார்?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள இஃப் போட்டு இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் சொல்லு. சொல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராதே!" என்றார் சார். சொன்னது தமிழில்தான். சட்டம் போட்டவரைச் சட்டம் கேட்குமா?

அன்று முழுக்கச் செங்கமலம் வகுப்பறை வாசலிலேயே நின்று பாடம் கேட்டாள். அதனால் சாயங்காலம் சார் தானே பொத்தானை அழுத்தி லிப்டில் ஏறினார். பாதியில் கரண்ட் போனது. கதவைத் திறக்கும் சாவி செங்கமலத்தின் இடுப்பில் இருந்தது.

"ஐயோ, மூச்சு முட்டுதே! கதவைத் திறங்க!"

இத்தனை சுத்தமான தமிழை அவர் வாயில் மாணவர்கள் கேட்டதே இல்லை. எல்லாரும் கூடிவிட்டார்கள்.

செங்கமலம் கதவருகே போய்த் தொண்டையைச் செருமினாள்.

"இஃப் ஐ கம் டுமாரோ, யூ கம் அவுட் டுடே."

"தப்பு!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "யூ வில் கம் அவுட்! வில் போடணும்!"

"வில்லை நீங்க போடுங்க சார், சாவியை நான் போடுறேன்."

உள்ளிருந்து சார் கதவைப் படபடவென்று தட்டினார்.

"நாளைக்கு வாம்மா! தினமும் வாம்மா!"

அதில் ஒரு இஃப்கூட இல்லை. கதவு திறந்தது.